அசையாத விகிதம்: போர்க்கால நார்வேயின் இறப்புக் கணக்கு (1940–45)

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்தது. 1945 மே 8 வரை வெளியேறவில்லை. அந்த ஐந்து வருடங்களின் பொது இறப்பு விகிதத்தை வரிசையாக எழுதிப் பார்த்தால், ஆயிரம் பேருக்கு 10, 11 என்ற அளவின் அக்கம்பக்கத்திலேயே நிற்கிறது. போருக்கு முந்தைய சில வருடங்களிலும் ஏறக்குறைய இதே அளவுதான். அந்த ஒற்றை வரியை மட்டும் பார்க்கிறவர், இந்த நாட்டில் போர் நடந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் போர் நடந்தது. சுமார் 30 லட்சம் மக்கள் கொண்ட நாட்டில், ஒரு கட்டத்தில் நான்கு லட்சத்தை நெருங்கும் ஜெர்மன் படையினர் இருந்தார்கள். உணவு ரேஷனில் போனது. கப்பல்கள் மூழ்கின. வடக்கே ஒரு மாவட்டமே எரிக்கப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகு விகிதம் ஏன் அசையவில்லை? அது அசையவில்லை என்பதற்கு என்ன பொருள்? சிறிய நாட்டின் போர்க்காலப் புள்ளிவிவரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால் நார்வேயின் பதிவேடுகள் தரமானவை. கணக்கு மோசமாக இருந்ததால் உண்மை தெரியாமல் போனது என்று இங்கே சொல்ல முடியாது. கணக்கு ஒழுங்காக இருந்தும் எது தெரியாமல் போகிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

பதிவின் வலிமைக்குப் பழைய வேர் உண்டு. 1860-லேயே உள்ளூர் சுகாதாரக் குழுக்களுக்கான சட்டம் வந்துவிட்டது. ஊர் ஊராக மாவட்ட மருத்துவர்கள் இருந்தார்கள், தொற்றுநோய்களை மேலிடத்துக்கு அறிவித்தார்கள். புள்ளிவிவரத்துக்கென்று 1876 முதல் தனி மத்திய அலுவலகம் இயங்கியது. ஆக்கிரமிப்பின்போது சுகாதார இயக்குநர் கார்ல் எவாங் லண்டனுக்குப் போய்விட்டார், தலைமை குலைந்தது. ஆனாலும் கீழ்மட்டத்தில் மருத்துவர்கள் நோயையும் சாவையும் எழுதுவதை நிறுத்தவில்லை.

இதயம் தந்த ஆச்சரியம்

போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, 1951-ல், ஆக்செல் ஸ்ட்ரோம், யென்சன் என்ற இரண்டு நார்வே ஆய்வாளர்கள் இந்தப் பதிவுகளை நோய்வாரியாகப் பிரித்துப் பார்த்து, லேன்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போருக்கு முன் வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்த ரத்த ஓட்ட நோய்ச் சாவுகள் 1941-லிருந்து இறங்கின. 10,000 பேருக்கு 30-ஐ ஒட்டி இருந்த விகிதம், போரின் பிற்பகுதியில் 24-ஐ ஒட்டி வந்தது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு சாவு குறைந்தது. ஆண், பெண் இருவரிடமும் இந்த இறக்கம் தெரிந்தது. போர் முடிந்ததும் கோடு மறுபடி ஏறத் தொடங்கியது.

இந்தக் கட்டுரை அன்று முதல் இன்று வரை உணவு பற்றிய விவாதங்களில் சாட்சியாக நிறுத்தப்படுகிறது. வெண்ணெய், இறைச்சி, முட்டை, கிரீம் எல்லாம் மேசையிலிருந்து மறைந்தன, மீனும் உருளைக்கிழங்கும் காய்கறியும் கரடுமுரடான ரொட்டியும் வந்தன, இதயம் பிழைத்தது என்பது அதைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் வாதம். பாதி சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவது பல பத்தாண்டு வேலை. ஒரே வருடத்தில் சாவு குறைகிறது என்றால், படிந்தது கரைந்துவிட்டது என்று சொல்வது கடினம். ரத்தம் உறையும் போக்கு மாறியிருக்கலாம், அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தவிர, அதே வருடங்களில் வேறு பலவும் மாறின. புகையிலை கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்த இலையைத்தான் புகைத்தார்கள். பெட்ரோல் இல்லாததால் நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள், விறகு வெட்டினார்கள். உடல் எடை பொதுவாகவே குறைந்தது. சர்க்கரையும் ரேஷன். இத்தனையும் ஒரே நேரத்தில் மாறும்போது பலனை எடுத்து வெண்ணெய் ஒன்றின் தலையில் மட்டும் கட்ட முடியாது.

மருத்துவர்கள் சான்றிதழில் நோயின் பெயரை மாற்றி எழுதியிருக்கலாமே என்ற கேள்வியும் நியாயமானதுதான். அதற்கு ஓரளவு பதில் பக்கத்து நாடுகளில் கிடைக்கிறது. ஸ்வீடன் போரில் சேரவில்லை. மருத்துவமனைகளும் பதிவேடுகளும் வழக்கம்போல் இயங்கின, ஆனால் ரேஷன் அங்கேயும் இருந்தது. ஸ்வீடனின் மருத்துவர் ஹாக்வின் மால்ம்ரோஸ் 1950-ல் வடக்கு நாடுகளின் எண்களை ஒப்பிட்டபோது, அங்கேயும் போர்க்காலத்தில் இதே திசையில் மாற்றம் தெரிந்தது. எல்லை தாண்டியும் அதே சாயல் தெரிவதால், நார்வேயின் இறக்கம் வெறும் எழுத்துப் பிழை அல்ல என்றே கொள்ளலாம்.

இரண்டு எண்கள் ஒன்றையொன்று விழுங்கின

இப்போது ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 லட்சம் பேரில், 10,000-க்கு 6 என்ற இறக்கம் என்றால் வருடத்துக்கு சுமார் 1,800 சாவு குறைவு. இது மிகக் குறைந்த வருடத்தின் அளவு, எல்லா வருடத்துக்கும் இவ்வளவு வராது. மறுபக்கம், போரால் நேரடியாக உயிரிழந்த நார்வே மக்கள் சுமார் 10,000 பேர். ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 2,000.

மொத்தச் சாவு வருடத்துக்கு 30,000 சொச்சம். அதில் ஒரு பக்கம் இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் குறைகிறது, இன்னொரு பக்கம் ஏறக்குறைய அதே அளவு கூடுகிறது. அப்புறம் விகிதம் எப்படி அசையும்?

இந்த இரண்டு கூட்டமும் சம எடை கொண்டவை அல்ல என்பதுதான் என்னை உறுத்துகிறது. இதய நோயிலிருந்து தப்பியவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அவர்கள் கூடுதலாகப் பெற்றது சில வருட வாழ்க்கை. போர் கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். 25 வயதுக் கப்பல் தொழிலாளி ஒருவன் வட அட்லாண்டிக்கில் மூழ்கினால் நாற்பது வருடத்துக்கும் மேலான வாழ்க்கை போகிறது. தலையை எண்ணினால் இரண்டும் ஒன்று. இழந்த வருடங்களை எண்ணினால் இரண்டுக்கும் வெகுதூரம். பொது இறப்பு விகிதம் தலையை மட்டுமே எண்ணும். நார்வேயின் எண்களை வயதுவாரியாகவும் பால்வாரியாகவும் பிரித்த உடனே, பெண்களின் கோடு ஏறக்குறைய அமைதியாக இருக்க, இளம் ஆண்களின் கோடு துள்ளுகிறது. போர் அங்கே இருக்கிறது.

சிறிய நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நாள் ஒரு நகரத்தின் வருடக் கணக்கையே மாற்றிவிடும். 1944 அக்டோபர் 4 அன்று, பெர்கன் நகரின் லாக்ஸெவோக் பகுதியில் இருந்த ஜெர்மன் நீர்மூழ்கித் தளத்தைக் குறிவைத்து பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. சுற்றியிருந்த குடியிருப்புகள் மேல் பல குண்டுகள் விழுந்தன. ஹோலன் பள்ளியில் மட்டும் 61 மாணவர்கள் இறந்தார்கள். நகரத்தில் இறந்த பொதுமக்கள் மொத்தம் 193 பேர். நாட்டுச் சராசரியில் இது நூறில் ஒரு பங்குகூட இல்லை. பெர்கனில் அந்த வயதுக் குழந்தைகளின் அட்டவணையில், பல வருடச் சாவுகளுக்கு இது ஒரே நாளில் ஈடாகும். அதனால் சிறிய நாட்டை ஆராயும்போது நாட்டின் ஒரே எண்ணோடு நிறுத்தக்கூடாது, ஊர் வரைக்கும் இறங்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

நோய்ப் பதிவேடு சொல்வது வேறு

சாவுப் பட்டியலை மூடிவிட்டு நோய்ப் பட்டியலைத் திறந்தால் காட்சி மாறுகிறது. 1939-ல் நார்வே முழுக்கப் பதிவான தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயாளிகள் 54 பேர். 1943-ல் 22,000-க்கும் மேல். நானூறு மடங்கு.

எப்படி வந்தது இது? நோய் அரிதாகிப் போயிருந்ததால் ஒரு தலைமுறைக்கு அதற்கு எதிரான இயற்கை எதிர்ப்பே இல்லாமல் இருந்தது. தடுப்பூசி எல்லோரையும் எட்டவில்லை. அந்த நேரத்தில் லட்சக்கணக்கான படையினரும் கைதிகளும் கண்டம் முழுவதிலிருந்தும் வந்து இறங்கினார்கள், வீடுகள் நெரிசலாயின, மக்கள் இடம்பெயர்ந்தார்கள். போருக்கு முன் நோயாளிகள் 54 பேர்தான் என்ற பெருமையே பிறகு பலவீனமாகிவிட்டது. ஒரு நோய் இல்லை என்பதும், அந்த நோயிலிருந்து ஒரு நாடு பாதுகாப்பாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. இதைச் சுகாதாரத் துறையில் இருக்கும் எவரும் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும்.

சொறியும் பரவியது. சோப்பும் துணியும் இல்லாத வீடுகளில் அது வராமல் இருந்தால்தான் அதிசயம். நல்ல பக்கமும் இருந்தது. சர்க்கரை குறைந்ததால் பள்ளிப் பிள்ளைகளின் பற்சொத்தை குறைந்தது. அந்தப் பலன் உடனே தெரியாமல் சில வருடம் தாமதித்தே தெரிந்தது, போர் முடிந்த பிறகும் கொஞ்ச காலம் நீடித்தது. மனநல மருத்துவமனைகளில் சேர்பவர்கள் தொகை போர்க்காலத்தில் உயரவில்லை என்று நார்வே மனநல மருத்துவர் ஓர்னுல்வ் ஓடகோர்ட் காட்டினார். இதைப் படித்துவிட்டு மக்கள் மனம் பாதிக்கப்படவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவமனையில் சேர்வது ஓர் அளவுகோல், அவ்வளவுதான்.

குழந்தை இறப்பு விகிதம், ஆயிரம் பிறப்புக்கு 40-ஐ ஒட்டியே இருந்தது, எகிறவில்லை. இது சாதாரண விஷயம் அல்ல. மத்தியதரைக் கடலில் முற்றுகையிடப்பட்ட மால்டாவில் 1942-ல் அதே விகிதம் 300-ஐத் தாண்டியது. நெதர்லாந்தின் மேற்கு நகரங்களில், 1944–45 குளிர்காலத்தில் ரேஷன் நாளுக்கு 1,000 கலோரிக்கும் கீழே போய், சுமார் 20,000 பேர் பட்டினியிலும் அதன் விளைவுகளிலும் இறந்தார்கள். நெதர்லாந்தையும் பிடித்து வைத்திருந்தது அதே ஜெர்மன் ராணுவம்தான். நார்வேக்குக் கடலில் மீன் இருந்தது, மக்கள்தொகை சிதறியிருந்தது, உருளைக்கிழங்கு போட மண் இருந்தது, எல்லைக்கு அப்பால் ஸ்வீடன் இருந்தது. 1942 முதல் ஸ்வீடனின் உதவியால் பள்ளிக் குழந்தைகளுக்குச் சூப் கிடைத்தது, டென்மார்க்கிலிருந்து உணவுப் பொட்டலங்கள் வந்தன. ஆகவே நார்வேயின் எண்களை எடுத்துக்கொண்டு, ரேஷன் உடம்புக்கு நல்லது என்று பேசுபவர்கள் தயவுசெய்து நெதர்லாந்தின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும். குறைந்த உணவு ஒரு எல்லை வரைதான் உடலைக் காக்கும். அந்த எல்லைக்குக் கீழே போனால் கொல்லும்.

யார் கணக்கில் வந்தார்கள்

இதுவரை பேசியது எல்லாம் நார்வேயின் குடிமக்களைப் பற்றி. இனி சொல்லப் போவதற்காகத்தான் இந்த ஆய்வை எழுத உட்கார்ந்தேன்.

ஜெர்மன் ராணுவம் சுமார் ஒரு லட்சம் சோவியத் கைதிகளை நார்வேக்குக் கொண்டு வந்தது. வடக்கே சாலையும் ரயில்பாதையும் கோட்டைகளும் கட்ட அவர்களைப் பயன்படுத்தியது. அவர்களில் சுமார் 13,700 பேர் அந்த மண்ணிலும் கடலிலும் இறந்தார்கள். ஏறக்குறைய ஏழில் ஒருவர். நார்வே மக்களில், பச்சைக் குழந்தை முதல் படுத்த கிழவர் வரை சேர்த்தே, ஐந்து வருடத்தில் இருபதில் ஒருவர்தான் இறந்தார். கைதிகளோ பெரும்பாலும் இளம் ஆண்கள். சாதாரண காலத்தில் மிகக் குறைவாகச் சாகும் வயது அது. போரில் இறந்த நார்வே மக்கள் அத்தனை பேரையும்விட, நார்வேயில் இறந்த சோவியத் கைதிகள் தொகை பெரிது. யூகோஸ்லாவியக் கைதிகள் நாலாயிரத்துக்கும் சற்று மேல். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் திரும்பவில்லை.

நார்விக் அருகே பைஸ்ஃபியோர்ட் என்ற இடத்தில் நடந்ததை, சுகாதாரம் படிக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1942 ஜூன் மாதம் அங்கே சுமார் 900 யூகோஸ்லாவியக் கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். பட்டினி, அடி, நெரிசல். ஜூலையில், பேன் மூலம் பரவும் டைபஸ் காய்ச்சல் என்ற சந்தேகம் எழுந்தது, முகாம் தனிமைப்படுத்தப்பட்டது. நடக்க முடிந்தவர்களைப் பிரித்து வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். மீதி இருந்த நோயாளிகள் 280-க்கும் மேற்பட்டவர்களை ஜூலை 17, 18 தேதிகளில் சுட்டுக் கொன்றார்கள். எழ முடியாதவர்கள் படுத்திருந்த குடிலுக்குத் தீ வைத்தார்கள். தனிமைப்படுத்தல் என்பது நோயாளியையும் ஊரையும் சேர்த்துக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. இங்கே அதே ஏற்பாடு கொல்ல வேண்டியவர்களைப் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்தது. அறிக்கை எழுதுபவர் இதை "தொற்று கட்டுக்குள் வந்தது" என்று ஒரு வரியில் எழுதிவிட முடியும். இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் டைபஸ் என்று போட்டாலும் பொய், ஒன்றும் போடாமல் விட்டாலும் பொய்.

1944 நவம்பர் 27 அன்று, கைதிகளை ஏற்றிச் சென்ற ரீகல் என்ற கப்பலை ராணுவக் கப்பல் என்று நினைத்து பிரிட்டிஷ் விமானங்கள் தாக்கின. ச்யொட்டா தீவுக்கு அருகே அது எரிந்து தரை தட்டியபோது 2,500 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் சோவியத் கைதிகள். நார்வே மக்கள் போரில் வருடத்துக்குச் சராசரியாக 2,000 பேரை இழந்தார்கள் என்று மேலே பார்த்தோம். அதைவிடப் பெரிய தொகை, ஒரே நாளில், ஒரே கப்பலில்.

எதிர்த்திசையிலும் ஒரு விடுபடல் உண்டு. நார்வேக்காரர்களாக இருந்தும் நார்வேக்கு வெளியே இறந்தவர்கள். 1942 நவம்பர் 26 அன்று டோனாவ் என்ற கப்பல், 500-க்கும் மேற்பட்ட யூதர்களை ஓஸ்லோவிலிருந்து கொண்டு போனது. மொத்தத்தில் 770-க்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள், உயிரோடு மீண்டவர்கள் நாற்பது பேருக்கும் குறைவு. நேச நாடுகளுக்காகச் சரக்குக் கப்பல் ஓட்டிய கடலோடிகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலில் போனார்கள். இவர்களுக்கு உடலைப் பார்த்துக் காரணம் எழுத மருத்துவர் இல்லை, சாவு நடந்த ஊர் என்று எழுத ஓர் ஊரும் இல்லை.

1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை, ஃபின்மார்க்கையும் வடக்கு ட்ரோம்ஸையும் எரித்தபோது சுமார் 50,000 பேர் கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். இன்னும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் குகைகளிலும் மண் குடில்களிலும் ஒளிந்து குளிர்காலத்தைக் கழித்தார்கள். மருத்துவமனைகளும் சேர்ந்தே எரிந்தன. அந்த மாவட்டத்துக்கு 1944, 45 என்ற இரண்டு வருடங்களில் மக்கள்தொகை என்று எந்த எண்ணை எடுப்பது? அந்த எண் ஆட்டம் கண்டால் விகிதமும் ஆட்டம் காணும்.

ஆக, "நார்வே மக்களின் இறப்பு" ஒரு கணக்கு, "நார்வேயில் நடந்த இறப்பு" இன்னொரு கணக்கு. முதல் கணக்கின் கோடு சமதளம். இரண்டாவது கணக்கின் கோடு மலை. எந்த எல்லைக்குள் யாரைச் சேர்த்து எண்ணினோம் என்று சொல்லாத போர்க்கால இறப்பு விகிதத்தை நான் நம்புவதில்லை, அது எவ்வளவு சுத்தமான அலுவலகத்திலிருந்து வந்தாலும் சரி.

1945-க்குப் பிறகு

இதயச் சாவு குறைந்ததை எழுதிய அதே ஆக்செல் ஸ்ட்ரோம், 1957-ல் வேறொரு மருத்துவக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஜெர்மன் வதை முகாம்களிலிருந்து மீண்ட நார்வேக்காரர்கள் பலர், வருடங்கள் போகப் போகத் தளர்ச்சி, மறதி, பயம், தூக்கமின்மை என்று வந்து நின்றார்கள். மீண்டு வந்தபோது நன்றாகத்தானே இருந்தார்கள், இது இயல்பான பலவீனம் என்று சொல்லி இழப்பீட்டு மனுக்கள் தள்ளப்பட்டு வந்தன. குழுவில் இருந்த லியோ எயிட்டிங்கர் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர், மனநல மருத்துவர். இந்தக் குழு நோயாளிகளை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, நோய்க்குக் காரணம் முகாம்தான் என்று நிறுவியது.

பிறகு ஸ்ட்ரோமும் எயிட்டிங்கரும் முன்னாள் கைதிகளின் சாவு விகிதத்தை, அதே வயது நார்வே மக்களின் விகிதத்தோடு ஒப்பிட்டார்கள். 1973-ல் வெளியான முடிவு: கைதிகள் அதிகம் இறந்திருந்தார்கள், வீடு திரும்பிய முதல் வருடங்களில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது, பிறகும் அது சட்டென்று மறைந்துவிடவில்லை. பொதுமக்களின் கோட்டுக்குள் இவர்கள் கரைந்தே போயிருப்பார்கள். தனிக் கூட்டமாக எடுத்து எண்ணியதால்தான் வெளியே தெரிந்தார்கள். அந்தச் சான்றுகளுக்குப் பிறகு, நோய் சிறையால் வந்தது என்று கைதி நிரூபிக்க வேண்டியதில்லை, இல்லை என்று அரசு காட்டட்டும் என்ற நிலைக்குச் சட்டம் மாறியது. கடலோடிகளுக்கு இதே நியாயம் எட்ட இன்னும் காலம் பிடித்தது. மருத்துவர் ஃபின் அஸ்கெவோல்ட் கடலோடிகளிடமும் இதேபோன்ற நோய்க்கூறுகளைக் கண்டு எழுதியது 1970-களில்தான்.

எண்ணும் வேலை இன்னும் நடக்கிறது. முன்பு ஜெர்மன் கைதி முகாமாக இருந்த இடத்தில் இயங்கும் ஃபால்ஸ்டாட் நினைவு மையம், கைதிகளின் கல்லறைகளுக்குப் பெயர் தேடித் தரவுத்தளம் உருவாக்கியது. 1951-ல் நார்வே அரசு, பனிப்போர்ப் பயத்தில், வடக்கே சிதறிக் கிடந்த சோவியத் கல்லறைகளைத் தோண்டி ச்யொட்டாவுக்கு மாற்றியபோது குழம்பிப் போன அடையாளங்களையும் சேர்த்தே அது சரிபார்க்க வேண்டியிருந்தது. கடலோடிகளுக்கும் ஆள்வாரியாக ஒரு பதிவேடு உருவாக்கப்பட்டிருக்கிறது, யார் எந்தக் கப்பலில் இருந்தார், எங்கே மூழ்கினார் என்ற விவரத்தோடு.